31 கோல், 37 கோல்: எந்த சீசன் நல்ல சீசன்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பாலக்கோடு பக்கம் உங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்புக்கு நீங்கள்தான் கணக்கு எழுதுகிறீர்கள். போன சீசனில் 14 மேட்ச், 31 கோல். இந்த சீசனில் 19 மேட்ச், 37 கோல். செயலாளர் அண்ணன் "ஆறு கோல் கூடியிருக்கு, அட்டாக் நல்லா வந்திருக்கு" என்கிறார். கோச் சார் மேட்சுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்துவிட்டு "2.21 இருந்தது 1.95 ஆயிடுச்சு, அட்டாக் விழுந்துபோச்சு" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, போன வருஷம் 14 கோல் அடித்த ஃபார்வர்டு பையன் இந்த வருஷம் 8 தான் அடித்திருக்கிறான், அவனை பெஞ்சில் உட்கார வைக்கப் பேச்சு நடக்கிறது என்று, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். எண் மாறியிருக்கிறது, சரி. மாற்றியது யார்? பையன்களா, அட்டவணையா, வெறும் அதிர்ஷ்டமா?

நான் கோச் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்தது புள்ளியியல், வேலை ஓசூரில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில், 17 வருஷமாக. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காவேரிப்பட்டணத்தில் எங்கள் பையன்கள் ஆடுகிற மேட்சுக்கு நீள நோட்டும் பேனாவுமாக லைனுக்கு வெளியே உட்கார்ந்துவிடுவேன். ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட உங்கள் கோச் சாருக்கு நிச்சயம் அதிகம் தெரியும். எண்ணிக்கை எப்போது பேசும், எப்போது உளறும் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் பழக்கம். ஒரு ஷிப்டில் 16 ரிஜெக்‌ஷன், அடுத்த ஷிப்டில் 24 என்றால் ஆபரேட்டரைக் கூப்பிட்டுத் திட்டலாமா கூடாதா என்பதுதான் எங்கள் தினசரிப் பஞ்சாயத்து. உங்கள் கேள்வியும் அதே ஜாதிதான்.

நீங்கள் படம் எடுத்துப் போட்டிருக்கிற நோட்டுப் பக்கங்களை வரிவரியாகப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது, இந்த சீசனின் 7-வது வரியில் "3-0, வா.ஓ." என்று இருப்பது. அது வாக் ஓவர்தானே? எதிரணி வரவே இல்லை, கமிட்டி 3-0 என்று எழுதிக் கொடுத்துவிட்டது. புள்ளிப் பட்டியலுக்கு அது சரி, அட்டாக் கணக்குக்கு ஆகாது. யாரும் பந்தைத் தொடாமல் விழுந்த மூன்று கோல் அது. எடுத்துவிடுங்கள், கோலிலிருந்து மட்டுமில்லை, மேட்ச் எண்ணிக்கையிலிருந்தும். இப்போது 18 மேட்ச், 34 கோல், மேட்சுக்கு 1.89. கோச் சாரின் பக்கம் இன்னும் கொஞ்சம் பலமாகிறது போலத் தெரியும். பொறுங்கள்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம், அதை நீங்கள் மூவருமே கவனிக்கவில்லை. போன வருஷம் ஆடியது முழுக்க லீக், எல்லாமே 35-35, அதாவது 70 நிமிடம். இந்த வருஷம் 18-இல் 10 மேட்ச்தான் அப்படி. மீதி 8 மேட்ச் பொங்கலுக்கும் கோயில் பண்டிகைக்கும் நடத்துகிற நாக்-அவுட், பக்கத்தின் ஓரத்தில் நீங்களே "25-25" என்று பென்சிலில் குறித்திருக்கிறீர்கள். 50 நிமிட மேட்சையும் 70 நிமிட மேட்சையும் ஒரே "மேட்ச்" என்று எண்ணினால் எப்படி? கால் கிலோ பொட்டலத்தையும் அரைக் கிலோ பொட்டலத்தையும் சேர்த்து "இத்தனை பொட்டலம் புளி" என்று சொல்வது மாதிரி அது. நிமிடத்தில் போடுங்கள். போன வருஷம் 14 தடவை 70, ஆக 980 நிமிடம். இந்த வருஷம் 700-ம் 400-ம் சேர்த்து 1,100 நிமிடம். போன வருஷ வேகத்திலேயே 1,100 நிமிடம் ஆடியிருந்தால் எத்தனை கோல் வந்திருக்கும்? 31-ஐ 1,100 ஆல் பெருக்கி 980 ஆல் வகுத்தால் 34.8. வந்தது 34. அவ்வளவுதான் தம்பி. கூடவும் இல்லை, விழவும் இல்லை. செயலாளர் அண்ணன் மொத்தத்தைப் பார்த்தார், கோச் சார் மேட்ச் எண்ணிக்கையால் வகுத்தார், இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எதை எதால் வகுப்பது என்பதில் தடுக்கி விழுந்தவர்கள் நாம் மட்டுமில்லை. ஃபுட்பாலில் நோட்டு போட்டுக் கணக்கெடுக்கும் பழக்கத்துக்கு முன்னோடி என்று சொல்லப்படுகிற சார்லஸ் ரீப், பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்குப் பிரிவில் இருந்தவர், 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆடிய ஒரு மேட்சின் இரண்டாம் பாதியில் நோட்டை எடுத்தார். அப்புறம் பல வருஷம் நூற்றுக்கணக்கான மேட்சுகளைக் குறித்துவிட்டு, ஏறக்குறைய ஐந்தில் நான்கு கோல் மூன்று பாஸுக்குள் வருகிறது, அதனால் பந்தை நீளமாகத் தூக்கி முன்னே போடுவதே லாபம் என்ற முடிவுக்கு வந்தார். இங்கிலாந்தில் ஒரு தலைமுறைக்கு அந்தப் பேச்சு ஓடியது. பின்னால் வந்தவர்கள் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது: மொத்த நகர்வுகளில் எத்தனை மூன்று பாஸுக்குள் முடிகிறது? பத்தில் ஒன்பதுக்கும் மேல். பத்தில் ஒன்பது பங்கு முயற்சியை வைத்துக்கொண்டு ஐந்தில் நான்கு பங்கு கோல்தான் எடுக்கிறது என்றால் நீளமான பாஸ் வரிசைக்குத்தான் விகிதம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மனிதர் குறித்த எண்ணில் பிழை இல்லை, வகுக்காமல் விட்டதில்தான் பிழை.

பெரிய லீக்குகளை ஒப்பிடும்போதும் இதே சிக்கல் வரும். இந்தியன் சூப்பர் லீக்கில், அதாவது ஐஎஸ்எல்லில், 2017-18-இல் ஓர் அணிக்கு லீக் கட்டத்தில் 18 மேட்ச், 2020-21-இல் 20, 2023-24-இல் 22. மொத்த கோலை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. மேட்ச் எண்ணிக்கை மாறாவிட்டாலும் லீக்கே மாறியிருக்கும். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2022-23-இல் 380 மேட்சில் 1,084 கோல். அடுத்த சீசனில் அதே 380 மேட்சில் 1,246. கிட்டத்தட்ட 15 சதவீதம் ஏற்றம். அந்த சீசனில் இருந்துதான் வீணான நேரத்தைக் கறாராகக் கணக்கிட்டு இஞ்சுரி டைம் தாராளமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், அது ஒரு காரணம், முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். இப்போது ஓர் அணி 50 கோலில் இருந்து 57-க்குப் போனால் "அட்டாக் முன்னேறிவிட்டது" என்று கை தட்டுவார்கள். லீக்கே அந்த அளவு ஏறியிருக்கும்போது அந்த அணி நின்ற இடத்தில் நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் பரிசல் தானாக ஏறும், ஒகேனக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் நோட்டுக்கு வருவோம். நிமிடக் கணக்கோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் கோச் சார் அங்கே விடமாட்டார். "பெனால்டியை எடுத்துட்டுப் பாருங்க" என்பார். நியாயமான பேச்சு. மூன்றில் இரண்டுக்கும் மேல், பெரிய லீக்குகளில் நான்கில் மூன்று, உள்ளே போய்விடுகிற அடி அது, அதை வைத்து ஓடுகிற ஆட்டத்தை எடைபோட முடியாது. போன வருஷம் 2 பெனால்டி கோல், இந்த வருஷம் 5. அதோடு எதிரணி தானே போட்டுக்கொண்ட சேம் சைடு கோல் இந்த வருஷம் 2. எல்லாம் கழித்தால் போன வருஷம் 29, இந்த வருஷம் 27. நிமிடத்தைச் சமமாக்கினால் போன வருஷ வேகத்துக்கு 32 அல்லது 33 வந்திருக்க வேண்டும், வந்தது 27. ஆக, குறைந்துவிட்டது, கோச் சார் சொன்னது சரி.

உடனே செயலாளர் அண்ணன் எழுந்து "போன வருஷம் ஒரு டீம் எட்டுப் பேரோட வந்து 9-0 வாங்கிட்டுப் போனாங்களே, அது ஒரு மேட்சா?" என்பார். அதுவும் நியாயம்தான். அந்த ஒரு மேட்சை எடுத்துவிட்டால் போன வருஷம் 13 மேட்சில், பெனால்டி போக, 20 கோல். 1,100 நிமிடத்துக்கு 24. இந்த வருஷம் 27. ஆக, கூடிவிட்டது, செயலாளர் அண்ணன் சொன்னது சரி.

பார்த்தீர்களா, ஒரே நோட்டு, மூன்று விதமாக வெட்டினோம், சமம், குறைவு, அதிகம் என்று மூன்று பதிலும் வந்துவிட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, யாரும் பொய் சொல்லவில்லை. இதுதான் கணக்கில் இருக்கிற பெரிய பொறி: பதிலைப் பார்த்த பிறகு எதைக் கழிப்பது என்று முடிவு செய்தால், வேண்டிய பதில் வரும்வரை கழித்துக்கொண்டே போகலாம். பெனால்டியைக் கழிப்பதென்றால் இரண்டு வருஷத்துக்கும் கழிக்கணும், ஆள் குறைவாக வந்த அணியோடு ஆடியதைச் சேர்ப்பதில்லை என்றால் அதை சீசன் ஆரம்பிக்கும் முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடணும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கத்தரி எடுப்பது கூடவே கூடாது.

மூன்று பதில் வருவதற்கு இன்னொரு அடிப்படைக் காரணம், வித்தியாசமே சின்னது, தற்செயலான ஏற்ற இறக்கத்துக்குள் முங்கிக் கிடக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒன்று பிடிபட்டால் மீதி எல்லாம் பிடிபடும். கோல் என்பது அபூர்வமாக நடக்கிற விஷயம். உலகத் தரத்திலேயே பத்து ஷாட்டுக்கு ஏறக்குறைய ஒரு கோல்தான். அபூர்வமாக நடக்கிறதை எண்ணினால், எதுவுமே மாறாவிட்டாலும் எண்ணிக்கை ஏறி இறங்கும். எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு நாங்கள் வேலையில் பயன்படுத்துகிற ஒரு குத்துமதிப்பு வழி இருக்கிறது. ஒரே அளவு ஆட்டத்தில் வந்த இரண்டு எண்ணையும் கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மூலத்தைவிடக் குறைவு என்றால் அதைப் பற்றிப் பேசுவதே வீண். மூலத்துக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் என்றால் சந்தேகம், கண் வைத்துக்கொண்டிருங்கள். இரட்டிப்பைத் தாண்டினால் ஏதோ மாறியிருக்கிறது, காரணம் தேடலாம். உங்களுடைய 32.6-ஐயும் 27-ஐயும் எடுங்கள், கூட்டினால் ஏறக்குறைய 60, மூலம் 7.7, வித்தியாசம் 5.6. மூலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. 24-ம் 27-ம் என்றால் மூலம் 7, வித்தியாசம் 3. அதுவும் அடங்கிவிட்டது. 34.8-க்கும் 34-க்கும் கேட்கவே வேண்டாம்.

இந்த வழி எவ்வளவு கறார் என்று நம் ஊர் அணியையே வைத்துப் பார்க்கலாம். சென்னையின் எஃப்சி 2017-18-இல் லீக் கட்டத்தில் 18 மேட்சில் 24 கோல், 32 புள்ளி, கடைசியில் கோப்பையும் வாங்கினார்கள். அடுத்த சீசன், அதே ஜான் கிரிகரிதான் கோச், அதே 18 மேட்ச், 16 கோல், 9 புள்ளி, பட்டியலில் கடைசி இடம். அன்றைக்கு எல்லோரும் "அட்டாக் செத்துப்போச்சு" என்றுதான் பேசினோம், நானும் பேசினேன். இப்போது போட்டுப் பாருங்கள்: 24-ம் 16-ம் 40, மூலம் 6.3, வித்தியாசம் 8. மூலத்தைத் தாண்டியது, இரட்டிப்பைத் தொடவில்லை. அட்டாக் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது! வாங்கின கோலைப் பாருங்கள், 19-இல் இருந்து 32. வித்தியாசம் 13, மூலம் 7.1, இரட்டிப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஓட்டை இருந்தது பின்பக்கத்தில்தான் என்று நினைக்க இடமிருக்கிறது, ஆனால் வசவு வாங்கியது முன்பக்கம்.

அதே அணி 2019-20-இல் 18 மேட்சில் 32 கோல், 2020-21-இல் 20 மேட்சில் 17. இது வேறு கதை. மேட்ச் எண்ணிக்கையைச் சமமாக்கிவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் இரட்டிப்பு மூலத்தையும் தாண்டுகிறது. இங்கே அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, காரணம் தேடணும், தேடினால் கிடைக்கிறது: 2019-20-இல் அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கின வால்ஸ்கிஸும், நடுவில் வந்து அணியைத் தூக்கி நிறுத்திய கோச் ஓவன் காயிலும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள், 2020-21 சீசன் முழுக்க கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. எதற்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வது யாராலும் ஆகாது. ஏதோ மாறியது என்பது மட்டும் நிச்சயம். அதற்கு அடுத்த சீசன் இன்னும் வேடிக்கை: மறுபடியும் 20 மேட்ச், மறுபடியும் 17 கோல், மறுபடியும் 20 புள்ளி, மறுபடியும் எட்டாவது இடம். அச்சு அசல் ஒரே சீசன் என்று தோன்றும். ஆனால் முதலாவதில் 3 வெற்றி 11 டிரா, இரண்டாவதில் 5 வெற்றி 5 டிரா, வாங்கின கோல் 23-இல் இருந்து 35. எண் மாறவில்லை என்பதற்காக அணி மாறவில்லை என்று அர்த்தமில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த உதாரணம் லிவர்பூல். 2013-14-இல் 101 கோல், அடுத்த சீசனில் 52. வர்க்கமூலமே தேவையில்லை, கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. 31 கோல் அடித்த சுவாரஸை பார்சிலோனாவுக்கு விற்றுவிட்டார்கள், 21 அடித்த ஸ்டரிட்ஜ் காயத்தில் பெரும்பாலான சீசன் வெளியே. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 52. இரண்டு பேர் சேர்ந்து அடித்ததை அடுத்த வருஷம் மொத்த அணியும் சேர்ந்து அடித்திருக்கிறது. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 101 என்பதே அந்த அணிக்கு உச்சம், ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாமல் வாரம் முழுக்க ஓய்வெடுத்து ஆடிய வருஷம் அது. உச்சத்தோடு ஒப்பிட்டால் அடுத்து வருவது எதுவானாலும் சரிவாகத்தான் தெரியும். எங்கள் பக்கம் மாந்தோப்புக்காரர்களுக்கு இது தண்ணிபட்ட பாடு, ஒரு வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்தால் மறு வருஷம் காய்ப்பு குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் குத்தகை பேசுவார்கள். மரத்துக்காவது களைப்பு என்று ஒரு காரணம் உண்டு. ஃபுட்பாலில் பல சமயம் அதுகூட இல்லை, போன வருஷம் போஸ்டில் பட்டு உள்ளே போனது இந்த வருஷம் போஸ்டில் பட்டு வெளியே வருகிறது.

கோல் கூடினால் அணி நன்றாக வந்துவிட்டது என்று அர்த்தமா என்றால் அதுவும் இல்லை. மான்செஸ்டர் சிட்டி 2018-19-இல் 95 கோல் அடித்து 98 புள்ளியோடு சாம்பியன். அடுத்த சீசன் 102 கோல், ஆனால் 81 புள்ளி, இரண்டாம் இடம். ஐந்து, ஆறு கோல் என்று சில மேட்சில் கொட்டிவிட்டு, வேண்டிய மேட்சில் ஒன்று அடிக்க முடியாமல் போனால் இப்படித்தான் ஆகும். உங்கள் 9-0 அதே வகை. அதனால் மொத்தத்தோடு கூட, எத்தனை மேட்சில் கோலே விழவில்லை, எத்தனையில் ஒன்று, எத்தனையில் இரண்டு என்றும் எழுதிப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் எண்ணினேன்: போன வருஷம் 14-இல் 4 மேட்ச் கோல் இல்லாமல் போயிருக்கிறது, இந்த வருஷம் 18-இல் 3. பெரிய ஆதாரம் இல்லை, ஆனால் "விழுந்துபோச்சு" என்பவருக்குக் காட்ட ஆகும்.

இன்னொரு விஷயம். இந்த வருஷம் 112 ஷாட் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், போன வருஷத்துக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, நடுவில் இருந்து நாலைந்து மேட்சுக்கு மட்டும் உங்களுக்கு முன்னால் எழுதினவர் குறித்திருக்கிறார். அந்த நாலைந்தை வைத்து ஒப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எதை ஷாட் என்பது என்று அவர் வைத்திருந்த அளவு வேறு, உங்கள் அளவு வேறு. இதில் நான் சூடுபட்டவன். வேலையில் ஒரு தடவை ஷாஃப்ட் ரிஜெக்‌ஷன் திடீரென்று இரண்டு மடங்கு ஆனது. நைட் ஷிப்ட் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துக் கேள்வி கேட்டோம், ஒரு பையன் அழுதே விட்டான். பத்து நாள் கழித்துத்தான் ஒருவருக்கு உறைத்தது, ரிங் கேஜை, அதாவது ஷாஃப்டின் தடிமனைச் சரிபார்க்கிற வளையத்தை, மாற்றியிருக்கிறோம். பழைய கேஜ் தேய்ந்துபோய், அளவு மீறிய ஷாஃப்டையும் இத்தனை நாள் உள்ளே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஷாஃப்ட் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, அளக்கிற கருவி மாறியது. உங்கள் நோட்டில் கருவி என்பது எழுதுகிற ஆள்தான்.

மைதானத்தில் உட்கார்ந்தால் இது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். போன மாசம் எங்கள் மேட்சில் வலது பக்கத்தில் இருந்து ஒருத்தன் கிராஸ் போட்டான், காற்று வாங்கி கோலியின் தலைக்கு மேல் வளைந்து உள்ளே விழுந்துவிட்டது. ஷாட்டா, கிராஸா? அடித்தவனைக் கேட்டால் ஷாட் என்பான். அதே மேட்சில் கோலுக்கு ஆறு கஜத்தில் காலியாக நின்ற ஒருத்தன் மூன்று தடவை பந்தைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினான், மூன்றாவது தடவை பந்தைத் தேடிப் போன சின்னப் பையன் திரும்பி வரவே கால் மணி நேரம். ஸ்கோர் ஷீட்டில் முதலாவது 1, பின்னது 0. அடுத்த மேட்சுக்கு எது நல்ல சகுனம் என்று கேட்டால் நான் பின்னதைத்தான் சொல்வேன், ஆறு கஜத்தில் மூன்று தடவை ஆள் காலியாக நிற்கிறான் என்றால் அணி சரியாகத்தான் ஆடுகிறது.

டிவியில் எக்ஸ்ஜி, அதாவது எக்ஸ்பெக்டட் கோல்ஸ், என்று காட்டுகிறார்களே, அதன் சாரம் இதுதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அந்த இடத்தில் இருந்து, அந்த மாதிரி அடித்தால் நூற்றுக்கு எத்தனை உள்ளே போகும் என்று பழைய ஆயிரக்கணக்கான ஷாட்டுகளைப் பார்த்து ஒரு மதிப்பு கொடுப்பது, பெனால்டி என்றால் முக்காலுக்குக் கொஞ்சம் மேல், தூரத்து அடி என்றால் நூற்றில் மூன்று நான்கு. உங்களால் அதைச் செய்ய முடியாது, என்னாலும் முடியாது, வேண்டியதும் இல்லை. அடுத்த சீசனில் பெனால்டி பாக்ஸுக்குள் இருந்து அடித்த ஷாட்டை மட்டும் தனியாகக் குறியுங்கள், தலையால் முட்டினதும் சேர்த்து, தடுக்கப்பட்டதும் சேர்த்து. எது சேரும் எது சேராது என்று முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள், எழுதுகிற ஆள் மாறினாலும் அந்த இரண்டு வரி மாறக்கூடாது. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் தற்செயல் ஏற்ற இறக்கம் விகிதத்தில் குறையும் என்பதுதான் இதில் லாபம்: 34 கோல் என்றால் அதன் மூலம் ஏறக்குறைய 6, அதாவது ஆறில் ஒரு பங்கு சும்மாவே ஆடும். 100 ஷாட் என்றால் மூலம் 10, பத்தில் ஒரு பங்குதான் ஆடும். எந்த மேட்ச் எத்தனை நிமிடம், எதிரணி எது, பெனால்டியா, யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள், இவ்வளவு இருந்தால் போதும், இதற்கு மேல் எழுத ஆரம்பித்தால் நீங்கள் மேட்ச் பார்க்க முடியாது.

அந்த வர்க்கமூல வழிக்கும் ஒரு எல்லை உண்டு. எல்லா எதிரணியும் கிட்டத்தட்ட ஒரே பலம் என்று அது எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் ஃபுட்பாலில் ஒரு வாரம் ஓசூர் கம்பெனி டீம், மறு வாரம் பள்ளிக்கூடப் பையன்கள். ஆகவே உண்மையான ஏற்ற இறக்கம் நான் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், எதையும் உறுதியாகச் சொல்வது இன்னும் கஷ்டம்தான் ஆகும். இரண்டு சீசனிலும் மோதிய ஆறு அணிகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன், போன வருஷம் 9 கோல், இந்த வருஷம் 11. இந்த மாதிரி ஒரே எதிரணியோடு ஒப்பிடுவதுதான் முறையில் சுத்தமானது, ஆனால் ஆறு மேட்ச் என்பது கையளவு.

இப்போது அந்தப் பையன். 14-ம் 8-ம். போன வருஷம் பெனால்டி இரண்டும் அவன் அடித்தது, இந்த வருஷம் ஐந்தும் கேப்டன் அடித்திருக்கிறார். அதைக் கழித்தால் 12-ம் 8-ம். நிமிடம் போட்டுப் பார்த்தேன், நாக்-அவுட்டில் ஐந்து மேட்ச் அவனை இரண்டாம் பாதியில்தான் இறக்கியிருக்கிறீர்கள், மீதி எல்லாம் முழுதாக ஆடியிருந்தால் இந்த வருஷம் 975 நிமிடம், போன வருஷம் 980. ஆக, நிமிடத்தைக் காட்டி அவனுக்குச் சாக்கு சொல்ல முடியாது. 12-ம் 8-ம் 20, மூலம் 4.5, வித்தியாசம் 4. அடங்கிவிட்டது. அந்த 9-0 மேட்சில் மட்டும் அவன் நான்கு அடித்திருக்கிறான், அதை எடுத்தால் 8-ம் 8-ம் என்று நான் சொல்லலாம், ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கத்தரி எடுக்காதே என்று மேலே எழுதியவனும் நான்தான், அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் 9 பேர் கோல் அடித்திருக்கிறார்கள், போன வருஷம் 5 பேர். இரண்டு டிஃபெண்டரை அவன் இழுத்துக்கொண்டு போவதால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறதா, இல்லை அவன் சோர்ந்துபோனதால் மற்றவர்கள் தோளில் பாரம் ஏறியதா, இதை நோட்டு சொல்லாது. அதைக் கண்ணால் பார்க்கிறவர் உங்கள் கோச் சார்.

பையன் ஓட்டம் குறைந்திருக்கிறது, முதல் டச் சரியில்லை, பிராக்டிஸுக்கு வருவதில்லை என்று அவர் சொன்னால் அது அவருடைய தொழில், நான் வாயைத் திறக்கமாட்டேன். "14 இருந்தது 8 ஆயிடுச்சு" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி உட்கார வைத்தால், நாங்கள் அன்றைக்கு நைட் ஷிப்ட் பையனை நிற்க வைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. செயலாளர் அண்ணனிடம் பேசும்போது 34.8 என்று தசமத்தோடு ஆரம்பிக்காதீர்கள், காது கொடுக்கமாட்டார். "போன வருஷ வேகத்துக்கு 35 வரணும், 34 வந்திருக்கு" என்று சொல்லுங்கள். கோச் சாரிடம் நோட்டையே கொடுத்துவிடுங்கள், அந்த 25-25 என்ற பென்சில் குறிப்பை மட்டும் பேனாவால் ஒரு தடவை அழுத்தி எழுதிவிட்டு.